வெதுவெதுப்பான ஆதரவு என்றால் ஆதரவா, இல்லையா?

கேள்வி: மார்ச் 4, காலை 10.12

ஓர் ஆங்கில அறிக்கையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். புதிய திட்டத்துக்கு ஊழியர்கள் தந்த ஆதரவு 'லூக்வார்ம்' என்று ஒரு வரி. அகராதியில் வெதுவெதுப்பான, இளஞ்சூடான என்று இருந்தது. 'ஊழியர்களிடமிருந்து வெதுவெதுப்பான ஆதரவு கிடைத்தது' என்று எழுதினேன். தமிழை மட்டும் படித்த மேலாளர் "அட, பரவாயில்லையே" என்று சந்தோஷப்பட்டார். ஆங்கிலத்தையும் படித்தவர் தலையில் அடித்துக்கொண்டார். நான் எங்கே சறுக்கினேன்?

மார்ச் 4, பகல் 1.30

அகராதி பொய் சொல்லவில்லை. தண்ணீருக்கு அது சரியான சொல். மனிதருக்குப் போட்டதில்தான் சறுக்கல்.

வெதுவெதுப்பு என்றதும் நமக்கு என்ன தோன்றுகிறது? போர்வை, குழந்தை குளிக்கும் நீர், தொண்டைக்கு இதம். எல்லாமே சுகமானவை. உங்கள் மேலாளர் சந்தோஷப்பட்டதில் அவர் குற்றம் ஒன்றுமில்லை. ஆங்கிலத்தில் 'லூக்வார்ம்' ஆதரவு என்றால் எதிர்க்கவில்லை, ஆனால் உற்சாகமும் இல்லை, கை தூக்கச் சொன்னார்கள், தூக்கினார்கள் என்று பொருள்.

நானும் இதே குழியில் விழுந்தவன்தான். இந்தச் சொல்லை முதலில் படித்தது ஒரு மருந்துப் பொட்டலத்தில். பொடியை 'லூக்வார்ம்' நீரில் கலக்கச் சொல்லியிருந்தது. மருந்துக்கு நல்லது, உடம்புக்கு நல்லது, ஆகவே சொல்லும் நல்லது என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். முதல் வேலை, முதல் வாரம். எல்லாரும் அன்பாக நடந்துகொண்டார்கள். துறைத்தலைவருக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதினேன்: 'உங்கள் லூக்வார்ம் வரவேற்புக்கு என் மனமார்ந்த நன்றி.' 'வார்ம்' என்று மட்டும் போட்டால் ரொம்பச் சாதாரணமாக இருக்கிறதே என்று 'லூக்' சேர்த்தேன். அவர் ஒரே வரியில் பதில் போட்டார்: 'அடுத்த முறை இன்னும் கொஞ்சம் சூடேற்றப் பார்க்கிறேன்.' எவ்வளவு தன்மையான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 4, இரவு 9.50

கதை சொல்லிவிட்டு விடை சொல்ல மறந்துவிட்டேன். 'மந்தமான ஆதரவு' என்று போடுங்கள். வேலை முடிந்தது.

மார்ச் 5, காலை 7.15

வேலை முடியவில்லை. தூக்கத்தில் இதுதான் ஓடியது.

மந்தம் என்பது வேகத்தைச் சொல்கிற சொல். மந்தமான வாக்குப்பதிவு, மந்தமான விற்பனை, மந்த புத்தி. 'லூக்வார்ம்' வேகத்தைப் பற்றியதல்ல. ஒருவர் விறுவிறுவென்று, ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல், சுரத்தே இல்லாமல் சரி சொல்லலாம். அதில் மந்தம் எங்கே இருக்கிறது?

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று வந்தது. நாம் ஏன் வெதுவெதுப்பைக் குறையாகப் பார்ப்பதில்லை? என் விடை: ஆங்கிலத்தில் அன்பின் அளவுகோல் சூடு. 'வார்ம்' என்றால் பாசம், 'கோல்ட்' என்றால் முகம் கொடுக்காமை. நடுவில் நிற்கிற 'லூக்வார்ம்' அன்பில் அரைக்கிணறு தாண்டியது. தமிழில் இந்த அளவுகோல் தலைகீழ். நமக்கு அன்பு குளிர்ச்சி. மனம் குளிர்ந்தது, கண் குளிரப் பார்த்தேன், வயிறு குளிர வாழ்த்தினாள். சூடு என்றால் சண்டை: சூடாகக் கேட்டான், முகம் சிவந்தது, வயிறு எரிந்தது. ஆறுதல் என்ற சொல்லையே பாருங்கள். சூடு ஆறுவதுதான் ஆறுதல். கோபம் ஆறும், புண் ஆறும், மனம் ஆறும். ஆறுவது சினம் என்றுதான் நமக்குப் படிப்பே தொடங்குகிறது.

குறள் 1104 இதை வைத்து விளையாடுகிறது. விலகினால் சுடுகிறது, நெருங்கினால் குளிர்கிறது, இப்படி ஒரு நெருப்பை இவள் எங்கே பிடித்தாள் என்று கேட்கிறான் காதலன். சுடுவது பிரிவு, குளிர்வது நெருக்கம். இந்த மொழியில் வளர்ந்தவனிடம் சூடு குறைந்துவிட்டது என்று குறை சொன்னால், நல்லதுதானே என்பான்.

அதனால்தான் 'லூக்வார்ம்' தமிழுக்குள் வர முடியாமல் வாசலிலேயே நிற்கிறது.

மார்ச் 5, இரவு 10.40

காலையில் எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.

ஒருவர் மூன்றே வார்த்தையில் என்னைக் கவிழ்த்துவிட்டார்: "அனல் பறக்கும் பேச்சு?" அவர் தொடங்கி வைத்ததும் எனக்கே மளமளவென்று ஞாபகம் வந்தது. விற்பனை சூடு பிடித்தது. ஆட்டம் சூடு பிடித்தது. சூட்டோடு சூடாக முடித்துவிடு. ஆறின கஞ்சி பழங்கஞ்சி. இதிலெல்லாம் சூடு நல்லது, ஆறுவது கெடுதல்.

ஆகவே திருத்தம். தமிழில் இரண்டு அளவுகோல்கள். உறவுக்குக் குளிர்ச்சி நல்லது, காரியத்துக்குச் சூடு நல்லது. ஆங்கிலக்காரர் இரண்டுக்கும் ஒரே கோலை வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

அப்படியானால் திட்டத்துக்கான ஆதரவு காரியம்தானே, 'ஆறிப்போன ஆதரவு' என்று எழுதலாமா? எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. ஆறிப்போனது என்றால் முன்பு சூடாக இருந்திருக்க வேண்டும். உங்கள் ஊழியர்கள் முதல் நாளிலிருந்தே அப்படித்தான் இருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

மார்ச் 5, இரவு 10.55

குளிர் விட்டுப்போச்சு என்கிறோமே, அது எந்தக் கோலில் வரும் என்று யாரும் கேட்காதீர்கள். எனக்குப் பிடிபடவில்லை.

மார்ச் 7, மாலை 6.20

'லூக்' யார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சுவிசேஷம் எழுதிய லூக்காவா என்று. இல்லை. ஆள் பெயரே இல்லை.

இடைக்கால ஆங்கிலத்தில் 'லூக்' என்ற சொல்லுக்கே இளஞ்சூடு என்றுதான் பொருள். பின்னால் அது தனியாக வழங்குவது மங்கிப்போய், விளக்கத்துக்கு வந்த 'வார்ம்' ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. கூட்டிப் பார்த்தால் 'இளஞ்சூட்டுச் சூடு'. நாம் நடுசென்டர் என்பதும் கேட்டுக்கதவு என்பதும் இதே வேலைதான். யாராவது கேட்டுக்கதவு என்று சொல்லும்போது சிரிக்கிறவர்கள் இனி 'லூக்வார்ம்' கேட்டும் சிரிக்க வேண்டும்.

டச்சு மொழியில் இதற்கு உறவான ஒரு சொல் இருக்கிறது. ஒரு காலத்தில் இளஞ்சூடு என்றிருந்தது, இன்று 'நல்லாயிருக்கு, ஜாலியாயிருக்கு' என்ற பொருளில் புழங்குகிறது. ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். ஒன்று குறை சொல்கிறது, ஒன்று பாராட்டுகிறது. என் மின்னஞ்சலை ஒரு டச்சுக்காரருக்கு அனுப்பியிருக்கலாம்.

இதே பொருளுக்கு ஆங்கிலத்தில் 'டெப்பிட்' என்று இன்னொரு சொல் உண்டு. லத்தீனிலிருந்து வந்தது. பழைய ரோமானியக் குளியல் கூடத்தில் வெந்நீர் அறைக்கும் குளிர்நீர் அறைக்கும் நடுவில் இருந்த மிதச் சூட்டு அறைக்குப் பெயர் டெப்பிடாரியம். இதன் வேர் சமஸ்கிருதத்து 'தப' என்பதோடு உறவுடையது. தபஸ், தாபம், பரிதாபம் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். இங்கே காதலில் எரிகிற தாபம், அங்கே போய் உப்புச்சப்பில்லாத கைதட்டல் ஆகிவிட்டது.

தமிழிலும் வெது என்ற அடி லேசுப்பட்டதல்ல. வெதுவெதுப்பு சுகம், வெதும்புவது துக்கம். மனம் வெதும்பினான் என்றால் நொந்துபோனான். இலங்கைத் தமிழில் வெதுப்பகம் என்றால் பேக்கரி. ஒரே அடியிலிருந்து போர்வையும், கண்ணீரும், ரொட்டியும்.

மார்ச் 7, மாலை 6.45

உச்சரிப்பு கேட்டிருந்தார்கள். தனியாகச் சொன்னால் முக்கிய அழுத்தம் பின்பாதி மேல் என்றுதான் அகராதிகள் பல காட்டுகின்றன. பிரிட்டிஷ்காரர் வாயில் பின்பாதி 'வோம்' போல வரும், ரகரம் காணாமல் போய்விடும். அமெரிக்கர் ரகரத்தை விடமாட்டார். 'வார்ம்' என்று நாம் ஆகாரமாக நீட்டுவது இரண்டிலும் சேராது. இத்தனை நாள் நானும் அப்படித்தான் நீட்டிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 9, காலை 8.05

முதல் நாள் 'வெதுவெதுப்பு என்றால் எல்லாமே சுகமானவை' என்று எழுதினேன் அல்லவா? அதுவும் தவறு. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பணிவாகத் திருத்தினார்: "ஐயா, வெளிப்படுத்தின விசேஷம் மூன்றாம் அதிகாரம் படித்ததில்லையா?"

படித்தேன். விவிலியத்தின் கடைசி நூல் அது. லவோதிக்கேயா என்ற ஊரின் திருச்சபைக்கு எழுதப்பட்ட கடிதம். நீ குளிருமில்லை, அனலுமில்லை, வெதுவெதுப்பாக இருக்கிறாய், அதனால் வாயிலிருந்து உன்னைத் துப்பிவிடுவேன் என்கிற தொனி. தமிழ் விவிலியத்தில் அங்கே இருப்பது துப்புவதைவிடக் கடுமையான சொல். ஆக, வெதுவெதுப்பு வசைச்சொல்லாகத் தமிழில் எப்போதோ வந்தாயிற்று. ஞாயிறுதோறும் அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு 'வெதுவெதுப்பான விசுவாசி' என்றால் உடனே புரியும், முகமும் சுருங்கும். எனக்குப் பழக்கமில்லாததைத் தமிழிலேயே இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஆங்கிலத்திலும் இந்தச் சொல் அரைமனதுக்கு ஆகிவந்ததில் 1611 ஆம் ஆண்டின் கிங் ஜேம்ஸ் விவிலியத்துக்கும் பங்கு இருக்கலாம். அந்த ஊர்ப் பெயரே ஒரு சொல்லாகிவிட்டது: 'லவோடிசியன்' என்றால் மதத்திலோ அரசியலிலோ பிடிப்பில்லாத ஆள். 2009 இல் அமெரிக்காவின் தேசிய ஸ்பெல்லிங் பீ போட்டியில் வெற்றிச் சொல் இதுதான். 13 வயதுப் பெண் சொல்லி ஜெயித்தாள்.

அந்த வசனத்தில் எனக்கு ஒரு குறுகுறுப்பு இருந்தது. அனல் என்றால் பக்தி, குளிர் என்றால் பக்தியில்லாமை என்று வைத்துக்கொண்டால், குளிராகவோ அனலாகவோ இருந்தால் நலமாயிருக்கும் என்று அதற்கு முந்தின வசனம் ஏன் சொல்ல வேண்டும்? விளக்கவுரைகள் சில ஊரைக் காட்டுகின்றன. லவோதிக்கேயா இன்றைய துருக்கியின் மேற்கில் இருந்தது. அங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் ஹியராப்போலிஸ், வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போனது. இன்னொரு பக்கம் கொலோசே, அங்கே குளிர்ந்த நீர். வெந்நீர் உடம்பு வலிக்கு ஆகும், குளிர்நீர் தாகத்துக்கு ஆகும். குழாயில் வந்து சேர்ந்த லவோதிக்கேயா தண்ணீர் இரண்டுக்கும் ஆகாது. இந்த விளக்கத்தை ஏற்காத அறிஞர்களும் உண்டு. எனக்கென்னவோ இதுதான் பொருத்தமாகப் படுகிறது. குளிரும் நல்லது, சூடும் நல்லது, எதற்கும் உதவாததுதான் 'லூக்வார்ம்'.

நம் வள்ளுவர் வேறு கட்சி. அரசரோடு பழகுவதென்றால் அகலாமலும் அணுகாமலும், குளிர்காய்கிறவன் நெருப்பிடம் நிற்பதுபோல நில் என்கிறார், குறள் 691. அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர்கள் எதைப் பின்பற்றுவது என்று அவரவர் முடிவுசெய்துகொள்ளலாம்.

மார்ச் 10, இரவு 9.10

அது எத்தனை டிகிரி என்று ஒருவர் விடாப்பிடியாகக் கேட்கிறார். குழந்தையைக் குளிப்பாட்ட 37 டிகிரி செல்சியஸ் சுற்றுவட்டம் என்பார்கள். நம் உடம்புச் சூடும் கிட்டத்தட்ட அதுதான், அதனால்தான் மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்தால் சுடுவதும் தெரியாது, சில்லென்றும் இருக்காது. ஆனால் எண்ணில் இந்தச் சொல் பிடிபடாது.

ஜான் லாக் என்ற ஆங்கிலத் தத்துவவாதி 17 ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதியதில் ஒன்று வருகிறது: ஒரே தண்ணீர் ஒரு கைக்குச் சூடாகவும் மறு கைக்குக் குளிராகவும் தெரியலாம். நேற்று செய்து பார்த்தேன். மூன்று பாத்திரம். இடக்கை வெந்நீரில், வலக்கை ஐஸ் தண்ணீரில். மனதுக்குள் நூறு எண்ணிவிட்டு இரண்டையும் நடுப் பாத்திரத்தில் விட்டேன். இடக்கை சில்லென்கிறது, வலக்கை சுடுகிறது என்கிறது. தண்ணீர் ஒன்றுதான். இரண்டு கையும் என்னுடையதுதான். படித்ததுதானே என்று சாவகாசமாகக் கையை விட்டவன், அப்படியே திகைத்து நின்றேன்.

அங்கேதான் எனக்கு இந்தச் சொல் புரிந்த மாதிரி இருந்தது. இது சூட்டின் அளவைச் சொல்வதில்லை. எதிர்பார்ப்பிலிருந்து எவ்வளவு சரிந்தது என்று சொல்கிறது. மாவில் ஈஸ்ட் கலக்க அந்த நீர்தான் வேண்டும், கொதிநீர் ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும். அங்கே 'லூக்வார்ம்' வெறும் குறிப்பு, குறையே அல்ல. காப்பிக்குச் சொன்னால் புகார். சோடாவுக்குச் சொன்னாலும் புகார். ஆனால் காப்பி மேலிருந்து இறங்கி வந்தது, சோடா கீழிருந்து ஏறி வந்தது. ஆங்கிலத்துக்கு இரண்டும் ஒன்று. தமிழ் விடாது: காப்பி ஆறிப்போச்சு, சோடா கூலிங் போச்சு, தண்ணீர் வெதுவெதுப்பாயிருக்கு. எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டுத்தான் பெயர் வைக்கும்.

இது வெறும் ரசனை விஷயம் இல்லை. தீக்காயம் பட்டால் குளிர்ந்த அல்லது 'லூக்வார்ம்' குழாய் நீரை 20 நிமிடம் விடச் சொல்கிறது பிரிட்டனின் பொதுச் சுகாதாரச் சேவை. ஐஸ் வேண்டாம் என்பதற்காக அந்தச் சொல். அதை 'வெதுவெதுப்பான நீர்' என்று பெயர்த்தால், படிக்கிறவர் தண்ணீரை அடுப்பில் வைக்கப் போய்விடுவார். 'அதிகம் சில்லென்று இல்லாத சாதாரணத் தண்ணீர்' என்று எழுதினால் யாரும் அடுப்பைத் தேட மாட்டார்கள்.

மார்ச் 11, அதிகாலை 5.30

ஒரு ஒப்புதல். துறைத்தலைவர் பதில் போட்டார் என்று எழுதினேனே, அவர் போடவில்லை. பதிலே வரவில்லை. இரண்டு மாதம் கழித்து, பக்கத்து மேசைக்காரர் அந்த மின்னஞ்சல் பல பேர் கைமாறியதைச் சொல்லி, 'லூக்வார்ம்' என்றால் என்ன என்று விளக்கினார். அந்த அழகான பதில் வரி, அவர் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் வருடக்கணக்காக மனதில் ஓட்டிப் பார்த்த வரி. இத்தனை பேரிடம் சொல்லியாகிவிட்டது, எழுதும்போது எனக்கே உண்மை மாதிரி இருந்தது.

நிஜத்தில் நடந்தது என்னவென்றால், அதன்பிறகு அவர் என்னைப் பார்த்தால் தலையாட்டுவார். சிரிக்கமாட்டார், முறைக்கவும் மாட்டார். இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எந்த அகராதியிலும் கிடைக்காது.

மார்ச் 13, இரவு 8.25

கேள்வி கேட்டவர் நினைவூட்டியிருக்கிறார்: அறிக்கை நாளை போக வேண்டும், நான் ரோமானியக் குளியலறையில் உட்கார்ந்திருக்கிறேன்.

சரி, பயன்பாடு. ஆங்கிலத்தில் இந்தச் சொல் வரவேற்பு, ஆதரவு, விமர்சனம், கைதட்டல் ஆகியவற்றோடு சேர்ந்து வரும். ஆளைப் பற்றியும் வரும்: அந்த யோசனையில் அவர் 'லூக்வார்ம்'. பின்னால் 'அட் பெஸ்ட்' என்று ஒட்டினால் குத்தல் கூடும், 'ரொம்பப் போனால் அவ்வளவுதான்' என்கிற மாதிரி. 'டெப்பிட்' இன்னும் உலர்ந்தது, பொருளாதாரச் செய்திகளில் வளர்ச்சிக்குப் போடுவார்கள். 'ஹாஃப் ஹார்ட்டட்' என்பது செய்கிறவனின் முயற்சியைச் சொல்வது. அரைமனதாகப் படிக்கலாம், அரைமனதாக உழைக்கலாம், அங்கே 'லூக்வார்ம்' உட்காராது. புவி சூடாகிறது, ஆனால் கொஞ்சமாகத்தான் என்று வாதிடுகிறவர்களுக்கு 'லூக்வார்மர்' என்று பெயரே இருக்கிறது.

தமிழுக்கு வருவோம். பத்து நாளாக நான் தேடியது ஒரு பெயரடை. அங்கேதான் பிசகு. இந்த உணர்வுக்கு நாம் பெயரடை வைத்துக்கொள்ளவில்லை, வாக்கியத்தின் வாலில் வைத்திருக்கிறோம், இல்லையென்றால் வினைக்கு முன்னால். ஒப்புக்குக் கைதட்டினார்கள். கடனே என்று வந்தார். ஏனோதானோ என்று கேட்டார். பட்டும் படாமலும் பேசினார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. உம் கொட்டினார். வேண்டாவெறுப்பாக என்பது கொஞ்சம் தாண்டிப் போய்விடும், அதில் வெறுப்பு இருக்கிறது. பிசுபிசுத்துப்போனது என்றால் தோல்வி, அதுவும் அதிகம்.

பேச்சில் இதற்கெல்லாம் தலைவன் 'பார்க்கலாம்'. ஒரு யோசனையை ஆவலாகச் சொல்லி முடித்ததும் எதிரில் இருப்பவர் 'பார்க்கலாம்' என்றால், அது எத்தனை டிகிரி என்று யாரும் கேட்பதில்லை.

உங்கள் வரிக்கு என் யோசனை: 'ஊழியர்கள் ஒப்புக்கு ஆதரித்தார்கள்.' மந்தத்தை அழித்துவிடுங்கள்.

மார்ச் 13, இரவு 11.40

ஒப்புக்கு என்றாலும் சிக்கல். அதில் நடிப்பு இருக்கிறது, மனதில் ஒன்று வைத்து வெளியில் ஒன்று காட்டுகிற தொனி. உங்கள் ஊழியர்கள் நடிக்கவில்லையே. இருந்த உற்சாகமே அவ்வளவுதான். ஊழியர்களை நான் பொய்யர்களாக்கிவிட்டேன். அறிக்கை போயிருக்காது என்று நம்புகிறேன்.

மார்ச் 14, பகல் 12.15

போய்விட்டதாம். ஆனால் என் வரியோடு இல்லை. காத்திருந்து பார்த்துவிட்டு அவரே எழுதியிருக்கிறார்: 'ஊழியர்கள் ஆதரித்தார்கள், அவ்வளவுதான்.'

மேலாளர் படித்துவிட்டு, அவர்களோடு இன்னொரு முறை பேச வேண்டும் என்றாராம்.